அடிக்குறிப்பிலிருந்து தொடங்குங்கள்: வரலாற்றில் பி.எச்டி. செய்ய உங்கள் ஆய்வுக்கு ஏற்ற இடத்தைத் தேடும் வழி

வருடத்துக்கு நாலைந்து பேராவது இந்தக் கேள்வியோடு என்னிடம் வருகிறார்கள்: “எம்.ஏ. ஹிஸ்டரி முடிச்சிட்டேன் சார். பி.எச்டி. பண்ண எந்த யுனிவர்சிட்டி நல்லது?” நான் திருப்பிக் கேட்பது, “எதைப் பற்றி?” பாதிப் பேர் அங்கேயே தடுமாறுவார்கள். “மாடர்ன் இண்டியா சார்” என்பார்கள். அது 250 ஆண்டுகள், ஒரு துணைக்கண்டம்.

நானும் அப்படித்தான் போனேன். பெயர் பெற்ற ஒரு நிறுவனத்தில் இடம் கிடைத்ததும் வீட்டில் இனிப்பு வாங்கிக் கொடுத்தார்கள். எனக்கு ஒதுக்கப்பட்ட நெறியாளர் தம் துறையில் பெரிய ஆள். ஆனால் அவர் துறை கல்வெட்டு, என் ஆய்வோ 19ஆம் நூற்றாண்டு. கொடுத்த இயல்கள் எல்லாம் எழுத்துப்பிழை மட்டும் திருத்தப்பட்டுத் திரும்பி வந்தன. வாதம் சரியா, ஆதாரம் போதுமா என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. ஒன்றரை வருடம் கழித்து வேறு இடத்துக்கு மாறினேன். அந்த ஒன்றரை வருடம் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தரவரிசைப் பட்டியலை இப்போதைக்கு மூடி வையுங்கள். முதலில் கேள்வி, அந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டும் ஆட்கள், அவர்கள் இருக்கும் துறை, கடைசியில் பணம். நான் சொல்லப்போகும் வரிசை இதுதான்.

ஆர்வத்தைக் கேள்வியாக மாற்றுவது

வேதாரண்யம் பக்கத்து மாணவி ஒருவர் வந்தார். தாத்தா உப்பளத்தில் வேலை பார்த்தவர். “உப்பைப் பற்றி ஆய்வு செய்யணும்” என்றார். நல்ல ஆர்வம். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்த கதை அவருக்கு மனப்பாடம். ஆனால் உப்பு என்பது ஒரு பொருள். ஆய்வுக் கேள்வி அதிலிருந்துதான் பிறக்க வேண்டும். ஒரு தாளை எடுத்து ஐந்து வாக்கியம் எழுதச் சொன்னேன். ஒவ்வொன்றும் கேள்விக்குறியில் முடிய வேண்டும். ஒவ்வொன்றிலும் ஓர் இடமும் ஒரு காலமும் இருக்க வேண்டும்.

அவர் எழுதியவற்றில் மூன்றை மட்டும் சொல்கிறேன். 1805இல் சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி உப்பைத் தன் ஏகபோகமாக்கிய பிறகு, அதுவரை உப்பு விளைவித்தவர்களின் உரிமை என்ன ஆனது? உப்பளத்தில் கூலிக்கு வந்தவர்கள் எந்தச் சாதியினர், எந்த ஊர்களிலிருந்து வந்தார்கள், பெண்களுக்கு என்ன வேலை? உப்பளம் விரிந்தபோது வேதாரண்யம் கடற்கரையின் சதுப்பு நிலமும் மீன்பிடியும் எப்படி மாறின?

பார்ப்பதற்கு மூன்றும் ஒரே பொருள்தான். ஆனால் முதல் கேள்வி காலனிய அரசு, சட்டம், வருவாய் பற்றி எழுதுகிறவர்களிடம் கொண்டுபோகும். இரண்டாவது தொழிலாளர் வரலாறு. வாய்மொழி வரலாறு தெரிந்த, மானுடவியலோடு கொடுக்கல் வாங்கல் உள்ள துறை அதற்கு வேண்டும். மூன்றாவது சூழலியல் வரலாறு. மூன்றுக்கும் மூன்று வெவ்வேறு நெறியாளர்கள், பல நேரம் மூன்று வெவ்வேறு ஊர்கள். “உப்பு பற்றி ஆய்வு செய்ய எது நல்ல பல்கலைக்கழகம்” என்று தேடினால் கூகுள் ஒன்றும் தராது என்பதற்குக் காரணம் இதுதான்.

உங்கள் ஐந்து வாக்கியத்தையும் எழுதிவிட்டு ஒரு வாரம் ஆறப் போடுங்கள். திரும்பப் படிக்கும்போது எதற்கு மனம் தானாகப் போகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். சேர்ந்த பிறகு கேள்வி மாறும், எல்லோருக்கும் மாறும். ஆனால் தேடத் தொடங்க ஒரு கேள்வி வேண்டும்.

அடிக்குறிப்பைப் பின்தொடர்வது

உங்கள் கேள்விக்கு மிக அருகில் வரும் நூல் ஒன்று, கடந்த பத்து வருடத்துக்குள் வந்த ஆய்வுக் கட்டுரை இரண்டு, இவ்வளவு போதும். வாதத்தைப் படிப்பது இரண்டாம் வாசிப்பில் இருக்கட்டும். முதல் வாசிப்பில் அடிக்குறிப்புகளை மட்டும் படியுங்கள். அடிக்குறிப்பில் இரண்டு வகைத் தகவல் கிடைக்கும். ஒன்று, ஆவணம் எங்கே இருக்கிறது. மற்றது, இந்த ஆசிரியர் யாரோடு ஒத்துப்போகிறார், யாரோடு முரண்படுகிறார்.

ஒரு நோட்டில் நாலு பத்தி போட்டுக்கொள்ளுங்கள்: பெயர், என்ன எழுதினார், எந்த ஆண்டு, எத்தனை முறை கண்ணில் பட்டார். மூன்றையும் முடிப்பதற்குள் ஏழெட்டுப் பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். அவர்கள்தான் உங்கள் கேள்வியின் அக்கம்பக்கத்துக்காரர்கள்.

அப்புறம் நூலின் நன்றியுரைப் பக்கம். பலர் அதைப் புரட்டிவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கு அது ஊர் வரைபடம் மாதிரி. ஒரு முதல் நூலின் நன்றியுரையில், அது எந்தத் துறையில் ஆய்வேடாகத் தொடங்கியது, நெறியாளர் யார், குழுவில் யார் இருந்தார்கள், யார் பணம் கொடுத்தார்கள், எந்தக் காப்பகத்தில் யார் உதவினார்கள், உடன் படித்தவர்கள் யார் என்று எல்லாம் இருக்கும். ஒரே துறையின் பெயர் மூன்று நூல்களின் நன்றியுரையில் வந்தால் அந்தத் துறையைப் பட்டியலில் முதலில் எழுதுங்கள்.

இங்கே ஒரு கவனம். நூல் அட்டையில் போட்டிருக்கும் பல்கலைக்கழகத்தில் அந்த ஆசிரியர் இன்றும் இருப்பார் என்று நினைக்க வேண்டாம். வங்காள விரிகுடாவைக் கடந்து போன தமிழர்களைப் பற்றி எழுதிய சுனில் அம்ரித்தை எடுத்துக்கொள்ளுங்கள்: லண்டன் பர்க்பெக் கல்லூரியில் இருந்தார், ஹார்வர்டு போனார், பிறகு யேல். பழைய நூலின் பின்னட்டையை நம்பி விண்ணப்பித்திருந்தால் ஆள் இல்லாத ஊருக்குத்தான் போயிருப்பீர்கள். துறையின் இணையப் பக்கத்தில் இந்த ஆண்டு அவர் பெயர் இருக்கிறதா, பெயருக்குப் பக்கத்தில் ‘எமரிட்டஸ்’ என்று இருக்கிறதா, இரண்டையும் பாருங்கள். எமரிட்டஸ் என்றால் ஓய்வு பெற்றவர். மதிப்போடு படிக்கலாம், நெறியாளராகக் கேட்பது பெரும்பாலும் வீண்.

இன்னொன்று, நீங்கள் தேடும் ஆள் வரலாற்றுத் துறையிலேயே இருப்பார் என்ற உறுதியும் இல்லை. சிகாகோவில் தெற்காசிய மொழிகளுக்கும் நாகரிகங்களுக்கும் தனித் துறை, வரலாற்றுக்குத் தனித் துறை. பென்சில்வேனியாவில் தெற்காசியத் துறை, வரலாற்றுத் துறை, அறிவியலின் வரலாறும் சமூகவியலும் என்று மூன்று வாசல்கள். மிச்சிகனில் மானுடவியலையும் வரலாற்றையும் சேர்த்தே முனைவர் பட்டம் செய்யும் திட்டம் உண்டு; உப்பளத் தொழிலாளர் கேள்வி அங்கே அழகாகப் பொருந்தும். நம் ஊரிலும் அப்படித்தான். சோழர் கல்வெட்டில் உழைக்க நினைப்பவருக்குத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் கல்வெட்டு, தொல்லியல் துறை, பல பெரிய பெயர்களைவிடப் பொருத்தமாக இருக்கலாம். தமிழ்க் கல்வெட்டுகளைப் புள்ளிவிவர முறையில் படித்தவர் டோக்கியோப் பல்கலைக்கழகத்து நொபொரு கராஷிமா; அவரோடு சேர்ந்து உழைத்த எ. சுப்பராயலு பல ஆண்டுகள் பணியாற்றியது தஞ்சாவூரில்தான். பின்னர் அவர் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்துக்குப் போனார். தமிழ்க் கல்வெட்டுக்கு ஒரு காலத்தில் டோக்கியோவும் தஞ்சாவூரும் பக்கத்துத் தெருக்கள்.

ஆவணம் எங்கே, எந்த மொழியில்

இதைச் சீக்கிரம் யோசிக்காதவர்கள் மூன்றாம் வருடம் அழுகிறார்கள்.

உப்புக் கேள்வியையே தொடர்வோம். முதல் கேள்விக்கான ஆவணங்களில் பெரும்பகுதி சென்னை எழும்பூரில், காந்தி இர்வின் சாலையில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. வருவாய் வாரிய நடவடிக்கைகளில் உப்பு, கலால், சுங்கம் எல்லாம் தனி வருவாய் என்ற பிரிவில் வரும். இன்னொரு பகுதி லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் தொகுப்பில். ஆக, சென்னையில் நெடுநாள் உட்காரவும் லண்டனுக்கு ஒருமுறை போய்வரவும் வழிசெய்யும் இடம் எதுவோ அதுதான் ஏற்ற இடம். உலகத்தின் எந்த மூலையில் சேர்ந்தாலும் கடைசியில் எழும்பூருக்கு வந்தாக வேண்டும்.

தரங்கம்பாடி என்றால் கதையே வேறு. டேனிஷ்காரர்கள் 1620 முதல் 1845 வரை அங்கே இருந்தார்கள். அரசு ஆவணங்கள் கோபன்ஹேகனில் உள்ள டென்மார்க் தேசியக் காப்பகத்தில். 1706இல் சீகன்பால்கு வந்திறங்கிய பிறகு மிஷனரிகள் எழுதி அனுப்பிய கடிதங்களும் குறிப்புகளும் ஜெர்மனியில் ஹாலே நகரத்துப் பிராங்கே நிறுவனக் காப்பகத்தில். டேனிஷும், பழைய ஜெர்மன் கையெழுத்தும் படிக்கத் தெரியாமல் இந்த ஆய்வில் பாதி தூரம்கூடப் போக முடியாது. அந்த மொழிகளைச் சொல்லித் தரும், அதற்கு இரண்டு வருடம் பொறுக்கும் பல்கலைக்கழகம் வேண்டும். மூன்று வருடத்தில் முடிக்கச் சொல்லும் இடம் உங்களுக்கு ஆகாது.

மலாயாத் தோட்டத் தமிழர்கள் என்றால் கோலாலம்பூரின் மலேசிய தேசியக் காப்பகம், சிங்கப்பூர் தேசியக் காப்பகம், லண்டன் கியூவில் பிரிட்டிஷ் தேசியக் காப்பகத்தில் உள்ள காலனி அலுவலகக் கோப்புகள். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் அங்கே பக்கத்தில் இருக்கும் பலனையும் தரும். தமிழ் அச்சு, பத்திரிகை, பதிப்பு வரலாறு என்றால் சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூர்க்காரர் ஒருவரின் சேகரிப்பைக் கொண்டு சிகாகோ பல்கலைக்கழகத்தின் துணையோடு 1994இல் உருவானது. தஞ்சை மராத்தியர் காலம் என்றால் தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் உள்ள, மராத்தியை எழுதப் பயன்பட்ட மோடி எழுத்து ஆவணங்கள். மோடி படிக்கத் தெரிந்த தமிழ் மாணவர்கள் மிகக் குறைவு, எனவே கற்றுக்கொண்டால் உங்கள் விண்ணப்பம் தனியாகத் தெரியும்.

விண்ணப்பிப்பதற்கு முன்பே ஒரு வாரம் காப்பகத்தில் உட்கார்ந்து பாருங்கள் என்பது என் பிடிவாதமான ஆலோசனை. ஆண்டு வாரியான பொருளடைவைப் புரட்டி, எண்ணைக் குறித்து, சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்து, கட்டு வந்ததும் பிரித்து, விளிம்பு பொடிப்பொடியாக உதிரும் தாளைத் திருப்பும்போது, இந்த வாழ்க்கை உங்களுக்கு ஒத்துவருமா என்று தெரிந்துவிடும். ஒத்துவந்தால், அங்கே பார்த்த ஒரே ஓர் ஆவணத்தைப் பற்றி ஆய்வுத் திட்டத்தில் ஒரு பத்தி எழுதலாம். “இத்துறையில் எனக்கு மிகுந்த ஆர்வம் உண்டு” என்று இருபது தடவை எழுதினாலும் அந்த ஒரு பத்திக்கு ஈடாகாது.

நாட்டுக்கு நாடு ‘பொருத்தம்’ வேறு

அமெரிக்காவில் பி.எச்டி. பெரும்பாலும் ஐந்து, ஆறு வருடம். இழுத்துக்கொண்டு போவதும் சகஜம். முதல் இரண்டு வருடம் வகுப்பு, பிறகு மூன்று நான்கு களங்களில் பெரிய தேர்வு, அதற்குப் பிறகுதான் ஆய்வேடு. தேர்வுக் களங்கள் பலவாக இருப்பதால் ஒரே ஆளை நம்பிப் போகக் கூடாது. உங்கள் கேள்வியோடு ஏதாவது ஒரு வகையில் பேசக்கூடிய மூன்று பேராவது அந்த வளாகத்தில் இருக்க வேண்டும். ஒருவர் தெற்காசியா, ஒருவர் உங்கள் முறை (சட்டமோ சூழலோ தொழிலாளரோ), இன்னொருவர் வேறு நாட்டை ஆய்பவராக இருந்தாலும் சரி. உப்பு மாணவிக்கு நான் சொன்னது: சீன உப்பு ஏகபோகத்தைப் பற்றித் தெரிந்த ஒருவர் இருந்தால் அந்தத் துறைக்குக் கூடுதலாக ஒரு நட்சத்திரம் போடு. சேர்க்கையைக் குழு முடிவு செய்யும். ஏன் இந்த ஆய்வு, ஏன் இந்தத் துறை என்று சொல்லும் நோக்க அறிக்கையோடு இருபது, இருபத்தைந்து பக்கக் கட்டுரை ஒன்றும் கேட்பார்கள். எழுத்து மாதிரி என்று அவர்கள் சொல்லும் அந்தக் கட்டுரைதான் உண்மையில் உங்களை உள்ளே கொண்டுபோகும். ஜிஆர்இ என்ற நுழைவுத் தேர்வைக் கேட்பதைப் பல வரலாற்றுத் துறைகள் நிறுத்திவிட்டன. 2025இல் பல பல்கலைக்கழகங்கள் வரலாறு, இலக்கியம் போன்ற கலைப் புலங்களில் முனைவர் இடங்களைக் குறைத்தன, சில ஒரு வருடத்துக்கு நிறுத்தியே வைத்தன. எனவே “இந்த வருடம் ஆள் எடுக்கிறீர்களா?” என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள், ஒவ்வொரு விண்ணப்பக் கட்டணமும் நூறு டாலரை ஒட்டி வரும். கட்டண விலக்கு கேட்க வெட்கப்படவும் வேண்டாம்.

இங்கிலாந்தில் மூன்று, நான்கு வருடம். பாடவகுப்பு ஏறக்குறைய இல்லை. முதல் நாளே ஆய்வுத் திட்டம் கையில் இருக்க வேண்டும், அதனால் அங்கே பொருத்தம் என்பது பெரும்பாலும் ஒரே ஒரு மனிதரோடு. விண்ணப்பத்துக்கு முன்பே அவருக்கு எழுதி, “அனுப்புங்கள், பார்க்கிறேன்” என்ற பதிலை வாங்கிவிட வேண்டும். கேள்வி இன்னும் குழம்பிக் கிடக்கிறது என்றால் இங்கிலாந்து வேண்டாம், அமெரிக்க முறை உங்களுக்கு நேரம் தரும். கேள்வி தெளிவு, எம்.ஏ. காலத்திலேயே காப்பக வேலை பாதி முடிந்தது என்றால் இங்கிலாந்து நேரத்தை மிச்சப்படுத்தும். இந்த ஒரு வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளாமல் இரண்டு நாட்டுக்கும் ஒரே திட்டத்தை அனுப்பியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஜெர்மனியில் முதலில் பேராசிரியர் ஒப்புக்கொள்ள வேண்டும், பிறகுதான் பதிவு. ஹைடல்பர்கின் தெற்காசிய நிறுவனம் 1962இலிருந்து இருக்கிறது. கோட்டிங்கனில் நவீன இந்திய ஆய்வு மையம் உண்டு. நெதர்லாந்தில் முனைவர் ஆய்வு பெரும்பாலும் சம்பள வேலை. வேலை விளம்பரம் மாதிரியே வரும், அதில் தலைப்பை ஓரளவு அவர்களே முடிவு செய்திருப்பார்கள். டச்சுக் கம்பெனி ஆவணங்களில் உழைக்கிறவர்கள் லைடன் பல்கலைக்கழகத்தைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்தியாவில் கணக்கு வேறு. 2024 ஜூன் முதல், கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான தேசியத் தேர்வான நெட்டின் மதிப்பெண்ணே பி.எச்டி. சேர்க்கைக்கும் பயன்படுகிறது. அதில் முன்னிலை பெற்று ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தவர்களுக்கு நேர்காணல் மட்டும். மற்றவர்களுக்கு நெட்டுக்கு 70 விழுக்காடு, நேர்காணலுக்கு 30. அந்த மதிப்பெண் ஒரு வருடத்துக்குச் செல்லும். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யூஜிசி) 2022 விதிப்படி குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு. பெண்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் இன்னும் இரண்டு வருடம் சலுகை. ஒரு நேரத்தில் பேராசிரியர் 8 பேரையும், இணைப் பேராசிரியர் 6 பேரையும், உதவிப் பேராசிரியர் 4 பேரையும் வைத்துக்கொள்ளலாம். எனவே “கைடு வேகன்சி இருக்கா?” என்ற கேள்வி இங்கே தவிர்க்க முடியாதது. ஓய்வுக்கு மூன்று வருடத்துக்கும் குறைவாக உள்ளவர் புதிய ஆய்வாளரை எடுக்க முடியாது என்றும் அதே விதி சொல்கிறது. பிடித்த பேராசிரியரின் வயதை விசாரிப்பது நாகரிகக் குறைவு இல்லை.

ஜேஎன்யூவின் வரலாற்று ஆய்வு மையம், டெல்லி, ஹைதராபாத் பல்கலைக்கழகங்கள், கொல்கத்தாவின் சமூக அறிவியல் மையம், சென்னை அடையாறில் எம்ஐடிஎஸ் என்ற வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம், ஐஐடி மெட்ராஸின் கலை, சமூக அறிவியல் துறை, புதுச்சேரிப் பல்கலைக்கழகம், நம் மாநிலப் பல்கலைக்கழகங்கள், அவற்றின் கீழ் ஆய்வு மையம் நடத்தும் கல்லூரிகள் என்று பட்டியல் நீளும். இவற்றில் எதையும் பெயரால் தள்ளவும் வேண்டாம், பெயரால் எடுக்கவும் வேண்டாம்.

நெறியாளரை விசாரிப்பது

கல்யாணத்துக்கு விசாரிக்கிற மாதிரி விசாரிக்க வேண்டும். ஆறு வருட பந்தம்.

இந்திய நெறியாளர் என்றால் சோத்கங்காவில் பெயரைப் போட்டுத் தேடுங்கள். நாடு முழுக்க ஆய்வேடுகள் குவிந்திருக்கும் கிடங்கு அது. நெறியாளர் பெயரை வைத்தே தேடலாம் என்பது பலருக்குத் தெரியாது. அவர் கீழ் வந்த ஆய்வேடுகளில் நாலைத் திறந்து, முன்னுரை, முடிவுரை, நூற்பட்டியல் மூன்றையும் படியுங்கள். தலைப்புகள் எல்லாம் ‘இன்ன மாவட்டத்தில் கல்வி வளர்ச்சி: ஓர் ஆய்வு’, ‘இன்ன மாவட்டத்தில் பாசன வளர்ச்சி: ஓர் ஆய்வு’ என்று மாவட்டத்தை மட்டும் மாற்றி அச்சடித்த மாதிரி இருந்தால், முதல் இயல் புவியியல் அமைப்பு, இரண்டாம் இயல் அரசியல் வரலாறு என்று எல்லாவற்றிலும் ஒரே ஏற்பாடு இருந்தால், உங்கள் கேள்விக்கு அங்கே இடம் இருக்காது. நூற்பட்டியலில் காப்பக ஆவணங்கள் எத்தனை பக்கம் என்றும் பாருங்கள். மாறாக, நாலு ஆய்வேடும் நாலு விதமாக இருந்து, நாலிலும் ஆவணம் கனமாக இருந்தால், அந்த ஆசிரியரின் பெயரை இதற்கு முன் நீங்கள் கேள்விப்பட்டிருக்காவிட்டாலும் குறித்துக்கொள்ளுங்கள். பெயர் தெரியாத நல்ல நெறியாளர்கள் மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் இருக்கிறார்கள். என்னைக் கரை சேர்த்தவர் அப்படி ஒருவர்தான்.

அமெரிக்கத் துறை என்றால் இப்போதைய ஆய்வு மாணவர் பக்கத்தைப் பாருங்கள். தெற்காசியாவில் எத்தனை பேர், எந்த வருடம் சேர்ந்தவர்கள்? கடைசி நாலு வருடத்தில் ஒருவரும் எடுக்கப்படவில்லை என்றால் காரணம் இருக்கும். அமெரிக்க வரலாற்றுச் சங்கம் 2004 முதலான சில ஆண்டுகளில் பட்டம் வாங்கியவர்கள் எங்கே வேலைக்குப் போனார்கள் என்று தொகுத்து வைத்திருக்கிறது, அதையும் பாருங்கள். பேராசிரியர் வேலை எத்தனை பேருக்குத்தான் கிடைக்கிறது என்பதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

அடுத்து, அங்கே படிக்கும் இருவரிடமாவது பேசுங்கள். மெயிலில் கேட்டால் பூசி மெழுகுவார்கள், போனில் மனம் திறப்பார்கள். நான் கேட்கச் சொல்வது: ஓர் இயலைக் கொடுத்தால் எத்தனை நாளில் படித்துத் தருகிறார்? கடைசியாகப் பட்டம் வாங்கியவருக்கு எத்தனை வருடம் ஆனது? உதவித்தொகை மாதாமாதம் வருகிறதா, ஆறு மாதம் சேர்த்து வருகிறதா? காப்பகத்துக்கு ஊர் மாறிப் போக அனுமதி சுலபமா? அவர் வீட்டு வேலை, அவர் பிள்ளையின் ப்ராஜெக்ட் என்று ஆய்வு மாணவர்களை ஏவுகிறாரா? கடைசிக் கேள்வியைக் கேட்கச் சங்கடமாக இருக்கும், ஆனாலும் கேளுங்கள். “சார் ரொம்ப நல்லவர், ஆனா...” என்று யாராவது இழுத்தால், அந்த ‘ஆனா’வுக்குப் பின்னால் வருவதை முழுதாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் மெயில்

நீளமாக எழுதுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணிலிருந்து தொடங்கி, “தங்களின் மேலான வழிகாட்டுதலில்” என்று முடியும் இரண்டு பக்க மெயிலை யாரும் முழுதாகப் படிப்பதில்லை. நூறு பேராசிரியருக்கு ஒரே மெயிலை அனுப்புவதும் வேண்டாம். அவர்களும் ஒருவருக்கொருவர் நண்பர்கள்தான். உப்பு மாணவியின் மெயில் ஏறக்குறைய இப்படி இருந்தது, ஆங்கிலத்தில் அனுப்பியதன் சாரம்:

“வணக்கம். வேதாரண்யம் உப்பளங்களில் 19ஆம் நூற்றாண்டுக் கூலி உழைப்பைப் பற்றி முனைவர் ஆய்வு செய்ய விரும்புகிறேன். உப்புக்கு முன்பணம் கொடுக்கும் முறை பற்றிய உங்கள் கட்டுரையில், கடன் என்பது உழைப்பைக் கட்டிப்போடும் கருவி என்கிறீர்கள். எழும்பூர் காப்பகத்தில் நான் பார்த்த வருவாய் வாரியக் கோப்புகளில் உழைப்பாளர்கள் முன்பணத்தை வாங்கிக்கொண்டு வேறு உப்பளத்துக்குப் போய்விடுவதாக அதிகாரிகள் புலம்புகிறார்கள். இதைத் தொடர நினைக்கிறேன். வரும் ஆண்டு புதிய ஆய்வாளர்களை எடுக்கிறீர்களா? ஒரு பக்கச் சுருக்கம் இணைத்திருக்கிறேன்.”

அவ்வளவுதான். யார், என்ன கேள்வி, உங்களை ஏன் நாடுகிறேன், என் கையில் என்ன இருக்கிறது, என்ன கேட்கிறேன். பதில் வரவில்லை என்றால் மூன்று வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல். அதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். “என்னால் முடியாது, இன்னாரைக் கேளுங்கள்” என்று பதில் வந்தால் அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த ‘இன்னார்’தான் பல நேரம் சரியான ஆள். உப்பு மாணவிக்கு அப்படித்தான் நடந்தது.

பணம்

அமெரிக்காவில் நல்ல துறைகள் சேர்க்கும்போதே கட்டண விலக்கும் ஐந்து வருட உதவித்தொகையும் சேர்த்தே தரும். பணம் இல்லாமல் இடம் மட்டும் தந்தால், வரலாற்றில் அதை மறுப்பு என்றே எடுத்துக்கொள்ளச் சொல்வேன். கடன் வாங்கி வரலாற்றில் முனைவர் பட்டம் செய்ய வேண்டாம். இந்த விஷயத்தில் எனக்கு வேறு கருத்தே இல்லை.

இங்கிலாந்தில் இடம் வேறு, பணம் வேறு. காமன்வெல்த், கேம்பிரிட்ஜில் கேட்ஸ், ஆக்ஸ்ஃபோர்டில் ஃபீலிக்ஸ் என்று உதவித்தொகைகளுக்குத் தனித்தனியாக மோத வேண்டும். ஒன்றிய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகையை நம்பியிருக்கும் பட்டியல் சாதி மாணவர்கள் ஒரு விதியை முக்கியமாகப் பார்க்க வேண்டும்: 2022இல் திருத்திய வழிகாட்டுதலில் இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியா சார்ந்த சமூக ஆய்வுத் தலைப்புகளை விலக்கிவிட்டார்கள். நியாயமே இல்லாத விதி என்பது என் கருத்து. ஆனால் தெரியாமல் ஒரு வருடத்தை இழக்காதீர்கள், நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டின் வழிகாட்டுதலை வரிக்கு வரி படியுங்கள். தமிழ்நாடு அரசின் ஆதிதிராவிடர் நலத்துறை தரும் வெளிநாட்டுப் படிப்பு உதவியையும் அதே கவனத்தோடு பாருங்கள்.

இந்தியாவில் ஜேஆர்எஃப் கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. வீட்டு வாடகைப்படி தனி. இங்கே சேர்ந்துவிட்டால் வெளிநாட்டுக் காப்பகம் கிடையாது என்று நினைப்பதும் தவறு. ஃபுல்பிரைட்–நேருவின் முனைவர் ஆய்வு உதவி, இந்தியப் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்தவர்களை அமெரிக்காவுக்குச் சில மாதம் அனுப்புகிறது. சார்லஸ் வாலஸ் அறக்கட்டளை லண்டனில் சில வாரம் உட்கார்ந்து ஆவணம் பார்க்கப் பணம் தருகிறது. ஊரில் நல்ல நெறியாளர், கையில் ஜேஆர்எஃப், லண்டனுக்கு ஒரு சிறு நல்கை. முதல் உப்புக் கேள்விக்கு இதைவிட நல்ல ஏற்பாடு பல நேரம் வெளிநாட்டில் கிடைக்காது.

பட்டியலைச் சுருக்கி நாள்காட்டியில் ஏற்றுவது

இவ்வளவும் முடித்தால் கையில் இருபது பெயராவது இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள்: ‘இங்கே போனால் என் கேள்விக்கு இது கிடைக்கும்.’ ‘நல்ல பெயர்’, ‘நண்பன் இருக்கிறான்’, ‘ஊர் அழகு’ என்றெல்லாம் எழுதத் தோன்றும் பெயர்களை அடித்துவிடுங்கள். எட்டு, பத்து மிஞ்சினால் போதும். எட்டுக்கும் தனித்தனியாக நோக்க அறிக்கையைத் திருத்த வேண்டியிருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை படிப்பதும் அடிக்குறிப்பு நோட்டும். மே, ஜூனில் காப்பகம். ஜூனில் நெட்டும் வரும், இரண்டையும் மோதவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் பேராசிரியர்களுக்கு மெயில். பரிந்துரைக் கடிதம் கேட்பதை அக்டோபருக்குத் தள்ளாதீர்கள். உங்கள் எம்.ஏ. ஆசிரியருக்கு ஆய்வுத் திட்டத்தைக் கையில் கொடுத்து, எந்தத் தேதிக்குள் எந்த இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்று எழுதியும் கொடுங்கள். “நீயே எழுதிக்கிட்டு வா, கையெழுத்துப் போடறேன்” என்பவரிடம் பணிவாக, அவர் கையால் அரைப் பக்கம் எழுதித் தந்தால்கூடப் போதும் என்று கேளுங்கள். எல்லோரையும் புகழும் அந்த நகல் நடை வாசிப்பவருக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும். அமெரிக்க விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பரில் முடியும். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜில் உதவித்தொகையோடு கேட்பவர்களுக்கு டிசம்பர், ஜனவரி. பிப்ரவரி, மார்ச்சில் பதில்கள் வரும்.

ஒன்றுக்கு மேல் இடம் கிடைத்தால், அமெரிக்கத் துறைகளுக்கு ஏப்ரல் 15க்குள் பதில் சொன்னால் போதும். அதற்கு முன் யாராவது அவசரப்படுத்தினால் அந்தத் தேதியை மரியாதையோடு நினைவுபடுத்தலாம். முடிவு செய்த அன்றே, வேண்டாம் என்ற இடங்களுக்கு இரண்டு வரி எழுதிவிடுங்கள். அந்த இடத்துக்காகக் காத்திருப்புப் பட்டியலில் யாரோ ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.